வழுக்கும் தன்மை குறித்து

மார்ச் 3, திங்கள்

செயற்பொறியாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். பனையடியூர் காவல் நிலையத்தின் குளியலறைத் தரையை ஆய்வு செய்து, அது வழுக்கும் தன்மை உடையதா என்று அறிக்கை தர வேண்டுமாம். கேட்டிருப்பவர் நீதித்துறை நடுவர். பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்து பள்ளிக்கூடச் சுவர், தாலுகா ஆபிஸ் கூரை, கலெக்டர் பங்களாவின் கழிவுநீர்த் தொட்டி எல்லாம் பார்த்திருக்கிறேன். தரை வழுக்குமா என்று எந்தக் கோர்ட்டும் என்னைக் கேட்டதில்லை.

காரணம் இணைப்பில் இருந்தது. தீபாவளிக்குப் பிறகு அந்த நிலையத்தில் கைதான மூன்று பேர் வலது கையில் மாவுக்கட்டுடன் நடுவர் முன்னால் நின்றிருக்கிறார்கள். மூவரும் ஒரே குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் தரப்பு சொல்லியிருக்கிறது. ஒருவன் லாரி கிளீனர், ஒருவன் கல்லூரி மாணவன். பட்டியலில் முதல் பெயர் ஐகோர்ட்துரை, பரோட்டா மாஸ்டர்.

ஐகோர்ட் என்பது பட்டப்பெயர் இல்லை. எங்கள் பக்கத்தில் ஐகோர்ட் மகாராஜா என்று ஒரு சாமி உண்டு. அவரைக் கும்பிடும் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு ஐகோர்ட் இருப்பான். இந்த ஐகோர்ட்டை எனக்குத் தெரியும். போன நவம்பரில் என் மனைவி கனியின் தாலிச் செயினை பைக்கில் வந்து அறுத்தவன் இவன்தான் என்று பிடித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம் பத்தே நாளில் செயினை மீட்டு, கனி கையில் கொடுத்து, போட்டோ பேப்பரில் வந்தது.

செயற்பொறியாளருக்குப் போன் செய்தேன்.

"சார், அந்த மூணு பேர்ல ஒருத்தன் என் வீட்டுக் கேஸ். வேற ஆளைப் போடலாமா?"

"தவசிமுத்து, நீரு செயினையா பாக்கப் போறீரு? தரையைத்தானவே. போயிட்டு வாரும்."

செயின் விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். பின்னால் யாரும் கேட்கக் கூடாது.

வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டுகிறது. கனி சொன்னாள், "ஊர்ல உள்ள பாத்ரூமெல்லாம் பாக்கிய. நம்ம பாத்ரூமுக்கு எந்தக் கோர்ட்ல எழுதிப் போடணும்?"

மார்ச் 5, புதன்

காவல் நிலைய ஆய்வு. கோமதிநாயகம் எழுந்து நின்று வரவேற்றார். மெலிந்த மனிதர். தூங்கி ரொம்ப நாளானது போன்ற கண்கள். டீ வந்தது, கூடவே பட்டர் பிஸ்கட்.

"கனி அக்கா நல்லாருக்காங்களா அண்ணாச்சி? செயினை வெளிய போட்டுக்கிட்டு நடக்க வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்வதாகச் சொன்னேன்.

குளியலறை பின்பக்கம். தரை சிமெண்ட். பூசும்போதே கம்பியால் கீறல் போட்டிருக்கிறார்கள், மாட்டுத் தொழுவத்தில் போடுவதுபோல. குழாயைத் திறந்தேன். காற்று வந்தது.

"மோட்டார் எரிஞ்சு ஆடி மாசத்துலருந்து அப்படியேதான் சார் கெடக்கு. வெளிய தொட்டியிலதான் மோந்துக்கிடுதோம்" என்றார் பெண் காவலர் அமுதவல்லி. கோமதிநாயகம் அவரைத் திரும்பிப் பார்த்தார். அமுதவல்லிக்கு உடனே வேறு வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

வெளித் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றி, வெறுங்காலோடு நடந்தேன். சோப்புத் தண்ணீர் ஊற்றி நடந்தேன். வேகமாகவும் நடந்தேன். உள்ளங்கால் தோல் உரிந்தது. இந்தத் தரையில் வழுக்கி விழ வேண்டுமானால் கொஞ்சம் முயற்சி வேண்டும்.

எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று கேட்டேன். ஒரு காவலர் மூலையைக் காட்டினார். இன்னொருவர் வாசலைக் காட்டினார். கோமதிநாயகம், "எல்லா எடத்துலயுந்தான்" என்றார்.

படம் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஜீப் வரைக்கும் வந்தார்.

"உங்க மக வினோதினி பாப்பா பாஸ்போர்ட் என்கொயரி நம்ம டேபிளுக்கு வந்திருக்கு அண்ணாச்சி. மஸ்கட்ல வேலையாமே? நல்லது. அடுத்த வாரம் முடிச்சு அனுப்பிருவோம். பாத்ரூம்னா வழுக்கத்தான செய்யும், என்ன சொல்லுதிய?"

நன்றி சொன்னேன். இரண்டு தடவை சொன்னதாக ஞாபகம்.

மார்ச் 6, வியாழன்

உள்ளங்கால் எரிச்சல். தேங்காய் எண்ணெய்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண். ஐகோர்ட்துரையின் மனைவி பேச்சியம்மாள் என்று சொன்னாள். உள்ளே வரச் சொன்னேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சுவரை ஒட்டி நின்றாள்.

"சார், நீங்கதான் பாத்ரூமைப் பாத்து எழுதப் போறியளாம். உள்ளதை எழுதுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

"உள்ளதைத்தாம்மா எழுதணும்" என்றேன். என்ன எழுதுவேன் என்பதை அது சொல்லவில்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

"அவ்வோ அன்னைக்கு ராஜபாளையத்துல கல்யாணத்துக்கு பரோட்டா போடப் போயிருந்தாவ சார். சொன்னா கேக்க ஆளில்ல. கையை ஒடிச்சதுக்கப்புறம் ஆளு விட்டு என்னையக் கூப்பிட்டாவ. மூணு பவுன்ல ஒரு செயின் கொண்டாந்தா கேஸைச் சின்னதாப் போட்டு விட்டுருவோம்னாவ. வேற எங்க போவேன்? என் கழுத்துல கெடந்ததைக் கழட்டிக் குடுத்தேன். அப்பவும் விடல."

கனி தண்ணீர் கொண்டுவந்தாள். பேச்சியம்மாள் சொம்பை வாங்கினாள். நிமிர்ந்தாள். குடிக்காமல் கொஞ்ச நேரம் கனியின் கழுத்தையே பார்த்தாள். கனி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். வெயில் அதிகம்.

பேச்சியம்மாள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. தண்ணீரைக் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். "வாரேன்க்கா" என்று கனியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வாஷரை மாற்றிவிட்டேன். குழாய் இன்னும் சொட்டுகிறது. கனி மதியம் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

பலசரக்குக் கடையில் அருணாசலம் அண்ணாச்சி உளுந்து நிறுத்துக்கொண்டே சொன்னார், "கோமதிநாயகம் சார் வந்ததுக்கப்புறந்தான் நான் கடையைப் பயமில்லாம அடைச்சிட்டுப் போறேன். ரெண்டு தட்டு தட்டாம எந்தத் திருடன் உண்மையைச் சொல்லுவான்? நீரு பாத்து எழுதும் வே. உமக்கே நகையை மீட்டுக் குடுத்தவரு."

கடையில் நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். பழக்கம்.

உளுந்து எடை கொஞ்சம் கூடவே இருந்தது. அருணாசலம் கடையில் இதுவரை அப்படி நடந்ததில்லை.

மார்ச் 13, வியாழன்

அளவு ஒன்று விட்டுப்போயிருந்ததால் மறுபடி காவல் நிலையம் போனேன். குளியலறையில் புது டைல்ஸ். வெள்ளை. முகம் பார்க்கலாம். மோட்டாரும் புதிது, குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. அரசாங்கத்தில் நான் கேட்டு இவ்வளவு சீக்கிரம் ஒரு வேலையும் நடந்ததில்லை.

"இப்ப நடந்து பாருங்க அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம்.

நடந்தேன். வழுக்கியது. விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவரும் என்னை விழாமல் பிடித்துக்கொண்டார். அக்கறையாகவே பிடித்தார். அதையும் எழுத வேண்டும்.

"பாத்தியளா" என்றார்.

"இது இந்த வாரம் போட்டதுல்லா சார்."

"தரைன்னு தான கேட்டிருக்காங்க. எப்ப உள்ள தரைன்னு கேக்கலியே?"

கடிதத்தில் உண்மையாகவே தேதி குறிப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 15, சனி

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் 'வழுக்கும் தன்மை இல்லை' என்று எழுதினேன். கிழித்தேன். இரண்டாவதில் 'தண்ணீர், சோப்பு, எண்ணெய் ஆகியவை சேரும்போது எந்தத் தரையும்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் வந்தது. படித்தால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. மேலதிகாரிகளுக்குப் பிடிக்கும்.

வினோதினி மதுரையிலிருந்து பேசினாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து அவளோடு விண்ணப்பித்த இரண்டு நர்ஸுகளுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாம்.

"அப்பா, ஸ்டேஷன்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான இருக்காங்க? ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. மாசக் கடைசியில மஸ்கட்டுக்கு மெடிக்கல் டெஸ்ட்."

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

கனி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நெத்திலி. நான் திரும்பவும் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என் செயின்ல கொக்கி எஸ் மாதிரி இருக்கும்."

"சரி."

"இதுல திருகு."

பழைய வாஷரை வெளியே எடுத்தேன்.

"வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னதுமே தெரிஞ்சுபோச்சு. மாத்திக் குடுத்துட்டாவன்னுதான் நெனைச்சேன். அத்தனை பேரு முன்னால போட்டோ எடுத்தாச்சு. எப்படிப் போயிச் சொல்ல? எடையும் ஏறக்கொறைய அதேதான்."

"எங்கிட்டச் சொல்லலாம்லா?"

"ஏன், நீங்க பாக்கலியோ?"

நெத்திலியை அலசி ஊற்றினாள். நான் வாஷரைத் திருகினேன். கொக்கி விவகாரம் தரையின் வழுக்கும் தன்மைக்குச் சம்பந்தமில்லாதது.

நெத்திலிக் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு பேரும் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டோம்.

மார்ச் 20, வியாழன்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். 'ஐந்தாம் தேதி ஆய்வின்போது சொரசொரப்பான சிமெண்ட் தரை. வழுக்கும் தன்மை காணப்படவில்லை. பதின்மூன்றாம் தேதி பளபளப்பான ஓடு, வழுக்குகிறது.' இரண்டுக்கும் படம் இணைத்தேன். இரண்டுமே உண்மை. யார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 24, திங்கள்

வினோதினியின் பாஸ்போர்ட் விசாரணை: 'குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை.' அவள் பிறந்தது முதல் இந்த முகவரிதான். ரேஷன் கார்டிலும் இருக்கிறாள், சுவரில் பென்சிலால் உயரம் குறித்த கோடுகளிலும் இருக்கிறாள்.

போனில் அழுதாள். பிறகு கேட்டாள், "நீங்க என்னப்பா எழுதுனீங்க?" சொன்னேன். "வார்டுல கூப்பிடுதாங்க" என்று வைத்துவிட்டாள்.

கனி பாத்திரங்களை இரண்டாம் முறை கழுவினாள்.

ஏப்ரல் 3, வியாழன்

நீதிமன்றத்தில் சாட்சி. நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கனி தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்றேன். "கோர்ட்டைப் பாத்ததில்ல" என்றாள்.

நடுவர் சின்ன வயதுப் பெண். எங்கள் வினோதினியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மின்விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றியது. கோமதிநாயகம் சீருடையில் ஓரமாக நின்றார். எனக்கு வணக்கம் வைத்தார். ஜாமீனில் வந்திருந்த ஐகோர்ட்துரையும் பேச்சியம்மாளும் பின்னால் நின்றார்கள். அவன் முழங்கைக்குக் கீழே கை ஒரு பக்கமாக வளைந்து கூடியிருந்தது. கனி அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இடம் அங்கேதான் இருந்தது.

போலீஸ் தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க நடந்து பாத்தது பகல்ல. வயசானவர், கவனமா நடந்திருப்பீங்க. பயத்துல ஓடுறவனுக்கு எந்தத் தரையும் வழுக்கலாம், இல்லையா?"

"வழுக்கலாம்" என்றேன்.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது.

நடுவர் நிமிர்ந்தார். "ஆய்வு நாளில் வழுக்கவில்லைன்னு எழுதியிருக்கீங்க. மற்ற நாட்களில்?"

"மற்ற நாள்ல நான் அங்க இல்லம்மா."

"மூணு பேர், மூணு மாசத்துல, ஒரே எடத்துல விழுந்து, மூணு பேருக்கும் வலது கைதான் உடையுமா?"

"அது பொறியியல் இல்லம்மா."

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ எதிர்பார்த்து, அது வராமல், அடுத்த தாளைப் புரட்டுகிறவர்களின் பார்வை. ஆபீசில் நானே பலரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் முடிக்கும் நேரத்தில் ஒன்று சேர்த்துக்கொண்டார். "உங்க மனைவியோட தாலிச் செயினை மீட்டுக் குடுத்தது இதே அதிகாரிதான? ஐகோர்ட்துரை குடுத்த வாக்குமூலத்தை வச்சுத்தான?"

"ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அது என் செயின் இல்லம்மா."

கனியின் குரல். வீட்டில் எப்போதும் கேட்பதுதான், காய்கறிக்காரனிடம் பேசும் குரல். கோர்ட்டில் அது ரொம்பச் சத்தமாக இருந்தது. டவாலி அதட்டினார். நடுவர் கையைக் காட்டி, கூண்டுக்கு வரச் சொன்னார். நான் இறங்கினேன். அவள் ஏறினாள். கடந்து போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

கழுத்திலிருந்து செயினைக் கழற்றினாள். தாலியை முன்பே மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இது எங்களுக்குக் குடுத்த செயின். என்னோடது கொக்கி போட்டது. இதுல திருகு."

"அன்னைக்கு உங்களோடதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா?" என்றார் நடுவர்.

"போட்டேன். கழுத்துல வெறுங்கயித்தோட பத்து நாளு வெளிய தலைகாட்டல. திரும்பக் கெடைச்சிருச்சுன்னு ஒரு சந்தோசம். அன்னைக்கே தெரியும், சும்மா இருந்துட்டேன். தப்புதான். அந்தா நிக்காள்லா, அவ செயினா இருக்கும்."

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். பேச்சியம்மாளை அழைத்துக் கேட்டார் நடுவர். இரண்டு தடவை கேட்ட பிறகு சொன்னாள், "திருகு லொடலொடன்னு இருக்கும்னு உள்ள பச்சை நூல் சுத்தி வச்சிருந்தேன்மா."

நடுவர் திருகைக் கழற்றினார். நூலை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நகம் சின்னது. பச்சை, அழுக்கேறிக் கறுத்த பச்சை.

கோமதிநாயகம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐகோர்ட்துரை அழுதான். இடது கையால் முகத்தைத் துடைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கனி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். "என்னைய உள்ள போட்டுருவாங்களோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நீங்க வழுக்கலாம்னு சொன்னியளே, எதுக்கு?" என்று கேட்டாள். அதற்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்தேன். பஸ்ஸில் அப்படிச் செய்வது வழக்கமில்லை. விலக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

அருணாசலம் கடையில் என்னைக் கவனிக்க நேரமாகிறது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். "இனி திருடனுக்குத்தான் காலம்" என்று பொதுவாகச் சொன்னார். உளுந்து எடை கொஞ்சம் குறைவு.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போய் வந்தோம். எதிர்வீட்டு அம்மாள் கனியிடம், "போலீசையே எதுத்துட்டியே, பயமா இல்லியா?" என்று கேட்டிருக்கிறாள். கனி, "இருக்கு" என்றாளாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோமதிநாயகம் தற்காலிகப் பணிநீக்கம். அவர் மீதும் இரண்டு காவலர்கள் மீதும் வழக்கு. செயின் வழக்கை மறுபடி விசாரிக்க வேறு அதிகாரி. கனியிடம் நீளமாக வாக்குமூலம் வாங்கினார்கள். எச்சரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் தோசைக்கு மாவு ஆட்டினாள்.

அவளுடைய செயினை அறுத்தவன் யார் என்பது யாருக்கும் தெரியாது. அவன் பைக்கில் போய்க்கொண்டிருப்பான்.

மே 6, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கோமதிநாயகம். கைலியும் சட்டையும். முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பியிருப்பேன். அவர் முந்திக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி. டீ சொல்லட்டா?"

குடித்தோம். பையனுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும் என்றார். இங்கே பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதிய. பத்து நாளுக்குள்ள ஆளைக் காட்டுன்னு மேல நெருக்குவாங்க. கடைக்காரங்க கூட்டமா வந்து நிப்பாங்க. பேப்பர்காரன் தெனம் கேப்பான். ஊரு திருடன் வேணும்னு கேட்டுச்சு. குடுத்தேன். மாலை போட்டாங்க. நீங்களுந்தான நின்னிய போட்டோல?"

நின்றேன். கனிக்கு இடது பக்கம், கண்ணை மூடியபடி படத்தில் விழுந்திருக்கிறேன்.

"அந்தக் கை..." என்று தொடங்கினேன்.

அவர் கிளாஸைப் பார்த்தார். "ஒடையும்னு நெனைக்கல" என்றார். கொஞ்சம் கழித்து, "மொத ஆளுக்கு நெனைக்கல" என்றார்.

டீக்காசை அவர்தான் கொடுத்தார். நான் கொடுக்க முயன்றேன், விடவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஐகோர்ட்துரை மீதான வழக்கைக் கைவிட்டாயிற்று. செயினைக் கோர்ட் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டது. அவன் பழைய கடைக்கே வேலைக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஆபீசிலிருந்து வரும் வழியில் போனேன். வலது கையால் மாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வீசுகிறான். மாவு பாதி தூரம் விரிந்து சுருண்டுகொள்கிறது. முதலாளி பார்க்காதது போல இருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் கல்லை விட்டு வந்தான்.

"ரெண்டு பரோட்டா" என்றேன்.

அவனே இலையில் வைத்தான். "பிஞ்சு பிஞ்சு போகுது சார். இடது கை இன்னும் படியல."

"நல்லாருக்கு."

நன்றாக இல்லை. நடுவில் மாவு வேகவில்லை. இரண்டையும் சாப்பிட்டேன். மூன்றாவதும் கேட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

வினோதினியின் பாஸ்போர்ட்டுக்கு மறு விசாரணை. பெண் காவலர் அமுதவல்லி வந்தார். வினோதினியும் லீவில் வந்திருந்தாள். சுவரில் உள்ள பென்சில் கோடுகளைக் காட்டச் சொல்லி கனி சொன்னாள். அமுதவல்லி சிரித்து, வேண்டாம்மா என்று கையெழுத்துப் போட்டார். மஸ்கட்டுக்கு முதல் குழு ஏற்கெனவே போய்விட்டது. அடுத்தது அக்டோபரில். வினோதினி என்னிடம் இப்போது சரியாகப் பேசுகிறாள். அன்று கோர்ட்டில் நடந்ததை அம்மாவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். என் பங்கைக் கனி சுருக்கமாகச் சொல்கிறாள்.

அமுதவல்லியை வாசல் வரை கொண்டுவிட்டேன். தெருவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"புது எஸ்.ஐ. வந்ததும் பாத்ரூமைப் பூட்டியாச்சு சார். இப்ப அங்க யாரும் விழல."

"நல்லதுதானம்மா."

"மொட்டை மாடிக்குப் படி வேணும்னு எழுதியிருக்காவ. உங்க ஆபீசுக்குத்தான் வரும்."

"மாடியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். வெறும் மாடி." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "பாத்துப் போடுங்க சார்."

ஜூலை 1, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. பனையடியூர் காவல் நிலையத்துக்கு வெளிப்புறப் படிக்கட்டு, மதிப்பீடு தயாரித்து அனுப்பவும். காரணம்: நிர்வாக வசதி.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தேன். படி அகலம். உயரம் குறைவு, குழந்தைகள்கூட ஏறலாம். ஒவ்வொரு படியிலும் கொத்திய கருங்கல். இரண்டு பக்கமும் கைப்பிடி. ஆறு படிக்கு ஒரு தளம். விளக்கு. மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கேமரா.

கனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "கோயில் படி மாதிரில்லா இருக்கு. யாருக்கு?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

கையை நிறுத்தினாள். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பிடியின் மேல் விரலை வைத்து, "இதைச் சுவரோட சேத்துப் போடுங்க, ஆட்டிப் புடுங்க முடியாத மாதிரி" என்றாள்.

சேர்த்துப் போட்டேன். குறிப்புரையில் எழுதினேன்: 'இந்தப் படிக்கட்டில் வழுக்கி விழ வாய்ப்பில்லை.' 'பொதுவாக' என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை.

மதிப்பீடு செயற்பொறியாளருக்குப் போனால் போதும். வேறு யாருக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு, அதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன்.

நகல்: நீதித்துறை நடுவர், பனையடியூர்.

ஜூலை 2, புதன்

நகலை நானே கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வாங்கி வந்தேன்.